கொய்த மலரும் சாடி நீரும்

மலருக்கும் தமிழருக்கும் உள்ள உறவு மிகத் தொன்மையானது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 மலர்களின் பெயர்களை வரிசையாக அடுக்கிச் சொன்னார் என்பதை உயர்வகுப்பு மாணவரும் அறிவர். ஆயினும், சூடுவதற்கும் தொடுப்பதற்கும் அருச்சிப்பதற்கும் பூக்கொய்த நம்மவர் அதனைக் காம்பின்றியே கொய்து பழகினர். நாரும் ஊசியும் பூத்தட்டும் நம் கைக்கு இயல்பாக வந்தன. பூச்சாடி பிற்காலத்தே வந்த விருந்தாளி. வாயிலில் மாவிலை செருகி வைக்கும் நிறைகுடமும், தென்னம்பாளை விரித்து வைக்கும் சிங்கள மக்களின் புன்கலசமும் இக்கலைக்கு நம் நாட்டில் உள்ள நெருங்கிய உறவினர் எனலாம். நீருள்ள கலத்தில் தாவரத்தை நிறுத்தி வருவோரை வரவேற்கும் எண்ணம் இரண்டிலும் உண்டு. அந்த எண்ணத்தையே வீட்டுத் தோட்டத்துப் பூக்களுக்கு எவ்வாறு விரிக்கலாம் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

மாத்தளையிலிருந்து தம்புள்ளை நோக்கி ஏ9 வீதியிற் செல்வோர் அலுவிகாரையைக் கடந்ததும் பலாபத்வலையை அடைவர். மிளகும் கொக்கோவும் கராம்பும் கமுகும் நெருங்கி நிற்கும் தோட்டங்கள் இருமருங்கும் காணப்படும். நுவரெலியாவின் குளிரில் வளரும் கார்னேசனும் லில்லியும் இந்த இளஞ்சூட்டு நிலத்திற்கு ஏற்றவை அல்ல. அவற்றுக்காக ஏங்கி, கடையிற் பிளாஸ்ரிக்குப் பூ வாங்கி மேசையில் வைப்போரைக் காணும்போது எனக்கு வியப்பாக இருக்கும். மரநிழலில் அந்தூரியம், வேலியோரம் ஹெலிகோனியாவும் செந்நிற இஞ்சிப்பூவும், வெயில்படும் முற்றத்தில் சீனியா, செவ்வந்தி, ஜெர்பரா, இவற்றோடு குரோட்டன் இலையும் கிணற்றடிப் பன்னமும் இருக்கையில், ஒரு பாடசாலைப் பரிசளிப்பு விழாவின் மேடைக்கு வேறென்ன வேண்டும்?

கொய்த மலர் ஏன் வாடுகின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும். தண்டினுள்ளே மயிரிழையினும் நுண்ணிய நீர்க்குழல்கள் உள்ளன. இலைகளிலிருந்து நீர் ஆவியாகப் போகப் போக, கீழிருந்து நீர் மேலிழுக்கப்படுகின்றது. செடியிலிருந்து தண்டை வெட்டிய கணமே அந்த இழுவிசை நீருக்குப் பதிலாகக் காற்றை உள்ளிழுக்கின்றது. காற்றுக்குமிழ் குழலில் அடைத்துக்கொண்டால், நீர் நிறைந்த சாடியில் நின்றபடியே மலர் தாகத்தால் தலை சாய்க்கும். இரண்டாவது பகை, நீரிற் பெருகும் பற்றீரியா. அது வெட்டுவாயில் வழுவழுப்பாகப் படிந்து குழல்களை மூடிவிடும். மலர் நெடுநாள் நிற்க நாம் செய்வன யாவும் இவ்விரு அடைப்புகளைத் தடுப்பதற்கே.

ஆகவே பூக்கொய்ய விடியற்காலையே உகந்தது; தண்டு அப்பொழுது நீர் நிறைந்திருக்கும். அதனைத் தவறவிட்டால் வெயில் தாழ்ந்த மாலைப் பொழுது. கூடையைக் கொண்டுபோவதிலும் வாளியில் நீர் கொண்டுபோவது மேல். மழுங்கிய கத்தரிக்கோல் தண்டை நசுக்கும். கூரிய கத்தியே வேண்டும். வீட்டுக்கு வந்ததும் தண்டின் அடியை ஓரங்குலம் நீருக்குள்ளேயே வைத்துச் சாய்வாக வெட்டுக. சாய்வு வெட்டினால் தண்டு சாடியின் அடியில் ஒட்டி அடைபடாது. நீரில் அமிழும் இலைகள் அனைத்தையும் நீக்கிவிடல் வேண்டும். அழுகும் இலையே பற்றீரியாவுக்கு உணவு. பின்னர் ஆழமான நீரில், நிழலான இடத்தில், இரண்டு மணி நேரமேனும் நிறுத்தி வைத்து அதன்பின் சாடியில் அமைக்கலாம். இந்த ஓய்வு நேரத்தை வீணென்று கருதுவோர் மறுநாட் காலை வாடிய பூவைக் காண்பர்.

இவ்விதி பொதுவிதி. ஒவ்வொரு மலருக்கும் தனிக்குணம் உண்டு. அந்தூரியத்தில் நாம் பூவிதழ் என்று எண்ணும் செந்நிறத் தட்டு உண்மையில் உருமாறிய இலையே. நடுவில் நிற்கும் கதிரின்மேல் உள்ள புள்ளிகளே மலர்கள். கதிரின் பெரும்பகுதி முதிர்ந்த பின்னர் வெட்டினால் இரண்டு மூன்று வாரம் நிற்கும். முதிராமல் வெட்டினால் விரைவில் வாடும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாலோ கறுத்துப்போகும். அது வெப்ப நாட்டுச் செடி. ஹெலிகோனியா வெட்டிய பின் மேலும் விரியாது. ஆகையால் வேண்டிய அளவு விரிந்ததையே வெட்டுக. அதனைத் தலையோடு நீரில் அமிழ்த்தி எடுத்தால் மடல்களுக்குள் ஒளிந்திருக்கும் எறும்பும் போகும், மலரும் புத்துயிர் பெறும். சீனியாவும் தாலியாவும் மொட்டில் வெட்டப்படின் மலர்வதில்லை. நிலச்சம்பங்கி இதற்கு நேர்மாறு: அடிப்பூ ஓரிரண்டு விரிந்தவுடன் வெட்டினால் மேலுள்ளவை சாடியிலேயே ஒவ்வொன்றாக மலரும். ஜெர்பராவின் தண்டு மென்மையும் உரோமமும் உடையது, ஆழ்நீரில் அழுகும், இரண்டங்குல நீரே அதற்குப் போதும். செவ்வரத்தையோ நீர் இருந்தாலும் இல்லாவிடினும் ஒரே பகல் வாழும். காலையில் வரும் விருந்தினருக்காக அதனை நீரற்ற தட்டிலேயே பரப்பி வைக்கலாம். மாலையில் அது சுருங்கியே தீரும்.

பால் வடியும் தண்டுகளில் பால் உறைந்து வாயை அடைக்கும். பொயின்செட்டியாவின் வெட்டுவாயை அரை நிமிடம் கொதிநீரில் தோய்த்தெடுத்தால் அது நிற்கும். அலரியை மட்டும் குழந்தைகள் நடமாடும் அறையில் வைக்கவே வேண்டாம். செடி முழுவதும் நஞ்சு. அது நின்ற நீரும் நஞ்சு.

சாடி நீரில் சீனி இடுவோர் உளர்; செப்புக் காசு இடுவோரும் உளர். சீனி மலருக்கு உணவாவது உண்மையே; ஆனால் கிருமியை அடக்கும் மருந்தின்றிச் சீனியை மட்டும் இட்டால் பற்றீரியாவுக்கே விருந்தாகும். அதனினும் இரண்டு நாளுக்கு ஒருமுறை நீரை மாற்றி, தண்டின் நுனியைச் சிறிது வெட்டிவிடுதல் நன்மை தரும். மற்றொன்று: வீட்டு மூலையில் பழுக்கத் தொங்கும் வாழைக்குலைக்கு அருகே பூச்சாடியை வைக்கலாகாது. பழுக்கும் கனி எதிலீன் என்னும் வாயுவை வெளியிடுகின்றது. கனியைப் பழுக்கச் செய்யும் அதே வாயு பூவை விரைவில் முதுமையடையச் செய்யும்.

இனி அமைக்கும் முறைக்கு வருவோம். யப்பானியர் இதனை ஒரு பெருங்கலையாக்கினர். அவர்களிடத்தும் இது பௌத்த ஆலயங்களில் மலர் படைத்தலிலிருந்தே தோன்றியது. 1462ஆம் ஆண்டில் இக்கெனோபோ சென்கெய் என்னும் துறவி அமைத்த மலர்களைக் காண கியோத்தோ நகரத்து மக்கள் திரண்டனர் என அக்காலத்து நாட்குறிப்பு ஒன்று கூறுகின்றது. அவர்களிடமிருந்து நாம் கற்கத்தக்கது ஒன்றுண்டு: பூவின் தொகையிலும் பூக்களுக்கிடையே விடும் வெளியே அழகைத் தருவது. நம் மேடைகளிற் காணும் சாடிகளில் காற்றும் நுழைய இடமிராது. உயரமான தண்டு சாடியின் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு இருக்கட்டும். மொட்டும் சிறுபூவும் மேலே, பெரும்பூ கீழே, சாடியின் வாயை மறைக்கப் பன்னமோ குரோட்டனோ. மூன்று அந்தூரியமும் ஒரு கமுகம்பாளையும் ஒரு மண்சட்டியும் போதும்.

பூக்களை நிறுத்த முட்கட்டை இல்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1954ஆம் ஆண்டில் அறிமுகமான பச்சைநிறப் பஞ்சுக்கட்டி இப்போது எங்கும் விற்கப்படுகின்றது. அது மக்காத ஒருவகைப் பிளாஸ்ரிக்கு. ஒருநாள் விழாவுக்காக அதனை மண்ணில் சேர்ப்பது தகுமா? கார்த்திகை விளக்கீட்டில் நாம் நாட்டும் வாழைக்குற்றி இருக்கின்றது. அதில் ஒரு துண்டைக் கிடையாகத் தட்டில் வைத்து, ஈர்க்குச்சியால் துளையிட்டு, தண்டுகளைச் செருகினால், வாழையின் நீரையே பூ குடித்துக்கொண்டு ஒரு பகல் முழுதும் வாடாது நிற்கும்.

இதுகாறும் பூவின் நலம் பற்றிப் பேசினோம். வீட்டாரின் நலமும் அந்தச் சாடிக்குள்ளேயே இருக்கின்றது. 2017ஆம் ஆண்டில் நம் நாட்டில் 1,86,000க்கும் மேற்பட்டோர் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளாகினர். 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்நோயைப் பரப்பும் நுளம்பு சேற்றுக் குட்டையைத் தேடிப் போவதில்லை. வீட்டுக்குள்ளும் வீட்டைச் சுற்றியும் தேங்கிய தெளிந்த நீரையே அது விரும்புகின்றது. பூச்சாடி அதற்கு வாய்ப்பான தொட்டில். முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாக அது வளர ஏழு முதல் பத்து நாட்கள் போதும். அந்தூரியம் மூன்று வாரம் நிற்குமென்று சொன்னேனல்லவா? நீரை மாற்றாதவர் வீட்டில் அதே மூன்று வாரத்தில் இரண்டு தலைமுறை நுளம்பு பிறந்து வெளியேறலாம்.

நீரைக் கொட்டிவிட்டால் மட்டும் கடமை முடிந்துவிடாது. நுளம்பு முட்டையிடுவது பெரும்பாலும் நீர்மட்டத்திற்குச் சற்று மேலே, சாடியின் உட்சுவரில். அம்முட்டை உலர்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். புதுநீர் பட்டதும் பொரிக்கும். எனவே நீர் மாற்றும்போதெல்லாம் உட்சுவரைத் தூரிகையாலோ தேங்காய்த் தும்பாலோ நன்றாகத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். நுளம்பு பெருக இடமளிக்கும் வீட்டுரிமையாளர் குற்றவாளியாவர் என 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் விதித்திருக்கின்றது. சட்டத்திற்கு அஞ்சிப் பூச்சாடிகளையே அகற்றிவிட்ட பாடசாலைகளையும் நான் பார்த்திருக்கின்றேன். அந்த வகுப்பறைகளில் பிளாஸ்ரிக்குப் பூவின்மேல் தூசி படிந்திருந்தது. சூரியகாந்திக்கும் சீனியாவுக்கும் வேறுபாடு அறியாத பிள்ளை தாவரவியல் கற்கப் புகுவது எங்ஙனம்?

அதற்கு எளிய வழி ஒன்று உண்டு. கழுவிய ஆற்று மணலைச் சாடியின் விளிம்புக்குச் சிறிது கீழ்வரை நிரப்பி, மணல் நனையும் அளவுக்கு மட்டும் நீர் ஊற்றுக. மணலுக்கு மேலே நீர் தேங்கலாகாது. தண்டுகள் மணலில் அசையாது நிற்கும், நீரும் கிடைக்கும், நுளம்புக் குடம்பி நீந்துவதற்கு வெளிநீர் இராது. வாரம் ஒருமுறை மணலைக் கொட்டிக் கழுவி வெயிலில் உலர்த்தினால் மீண்டும் பயன்படும். அலுவலக யன்னலில் மணிபிளாண்ட் நிற்கும் கண்ணாடிப் போத்தல்களையும் இவ்வாறே மணலுக்கு மாற்றலாம். பூச்சாடியைக் கழுவுவோர்கூட, பூவே இல்லாமையால், அந்தப் போத்தலை மாதக்கணக்கில் மறந்துவிடுகின்றனர்.

வடகீழ்ப் பருவமழை தொடங்கிப் பலாபத்வலையில் தோட்டமெங்கும் ஈரம் ஊறும் காலத்தில் இதில் இரட்டிப்புக் கவனம் தேவை. பாடசாலைகளில் வெள்ளிக்கிழமை இறுதி மணி அடிக்குமுன், வகுப்புக்கு இரண்டு மாணவர் சாடியை வெளியே கொண்டுபோய், நீரை மண்தரையில் ஊற்றி, உட்சுவரைத் தேய்த்து, கவிழ்த்து வைத்துவிட்டுச் செல்லட்டும். வாடிய பூவும் தண்டும் செடியடிக்கு உரமாகப் போகட்டும். திங்கட்கிழமை காலை அவரவர் வீட்டு வேலியிலிருந்து புதுமலர் வரும்.