கல்யாணப் பத்திரிகையிற் கையெழுத்து

பதுளைக் கடைவீதியில் அச்சகமொன்றுக்குக் கல்யாணப் பத்திரிகை அடிக்கச் செல்வோர் முன் முதலில் வைக்கப்படுவது மாதிரிப் புத்தகம். அதிற் பலரது கண்ணும் போய் நிற்கும் இடம் ஒன்றுண்டு. ஆங்கிலப் பக்கத்திலே சாய்ந்தும் வளைந்தும், ஓரெழுத்து மற்றதன் கையைப் பிடித்துச் செல்வது போன்ற எழுத்து அது. அச்செழுத்துத்தான், எனினும் யாரோ இறகுப் பேனாவால் எழுதியது போலவே இருக்கும்.

அதற்குக் காரணமும் உண்டு. இவ்வகையிற் பேர்பெற்ற ஒன்று, மத்தியூ காட்டர் என்பவர் 1966இல் அமைத்த 'ஸ்னெல் ரவுண்ட்ஹாண்ட்'. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டனில் எழுத்துக் கற்பித்த சார்ள்ஸ் ஸ்னெல் என்பாரின் கையெழுத்தே அதற்கு மூலம். இறகு முனையை அழுத்தினாற் கோடு தடிக்கும், அழுத்தாவிடின் மயிரிழையாகும். அழகின் இரகசியம் இவ்வளவே. ஈய எழுத்துக் காலத்தில் இதை ஆக்குவது பெரும்பாடு. எழுத்தின் வால் தன் ஈயக் கட்டையைத் தாண்டி நீண்டிருக்கும்; சற்றே தட்டினாலும் ஒடியும். ஒடியாவிடினும், இணையுமிடத்திற் சிறு இடைவெளி காட்டிக்கொடுத்துவிடும். ஒளிமுறை அச்சுக்கோப்புக்கென ஆக்கப்பட்டமையால் காட்டரின் எழுத்துகள் தடையின்றிக் கைகோத்தன.

"தமிழில் இப்படி இல்லையா?" என்று மணமகளின் தந்தை கேட்பது இயல்பே. கணினியில் இன்று பல கிடைக்கின்றன. ஆனால் ஆங்கிலத்தைப் போலத் தமிழையும் இழுத்து இணைத்தால் அழகு வாராது. நம் எழுத்து, எழுத்தாணியால் ஓலையிற் கீறி வளர்ந்தது. கோடு ஏறக்குறைய ஒரே தடிப்பு; எழுத்துகளோ தனித்தனியே நிற்பவை. சுழிகளிலும், 'ழ'வின் கீழ் வளைவிலுமே அதன் எழில் இருக்கிறது. அவற்றைத் தாராளமாக விட்டெழுதும் பழைய ஆசிரியர்களின் கடிதங்களைப் பார்த்தவர்கள் இதை அறிவார்கள்.

இனி, இப்பத்திரிகை பசறைக்கும் லுணுகலைக்கும் அப்பாலுள்ள தோட்டங்களுக்குப் போகவேண்டும். லயத்திலே அதை உரக்க வாசிப்பது பலவேளை பாடசாலை செல்லும் பிள்ளை. அலங்காரம் மிகுந்தால் 'க' அதற்குச் 'சு' ஆகிவிடும். 1உம் 7உம் ஒன்றுபோற் சாய்ந்து நின்றால் 11ஆந் திகதி 17ஆந் திகதியாகும். ஒரு நாட் சம்பளத்தை விட்டு, பஸ் ஏறி வந்த குடும்பம், கல்யாணம் முடிந்த மண்டபத்தின் வாசலில் நிற்பது சிரிக்கும் காரியமன்று.

ஆகவே, கையெழுத்து வடிவம் பெயர்களுக்கு மட்டும் போதும் என்பது எமது எண்ணம். மணமக்கள் பெயரோடு பெற்றோர் பெயரையும் அவ்வெழுத்திலேயே கேளுங்கள். கொழுந்து பறிக்கும் தாய், கவ்வாத்து வெட்டும் தந்தை ஆகியோரின் பெயர்கள் பெரும்பாலும் சம்பளச் சீட்டிலேதான், ஓர் இலக்கத்தோடு சேர்ந்து, அச்சாகி வந்தன. இங்கே அவை இலக்கமின்றி, நல்ல எழுத்தில், நடுப்பக்கத்தில் வரட்டும். சில அச்சகத்தார் பெற்றோர் பெயரைச் சிறிதாக்கி மூலையில் ஒதுக்குவது எமக்குப் பிடிப்பதில்லை.

திகதி, முகூர்த்தம், மண்டபம் ஆகியவை நிமிர்ந்த சாதாரண எழுத்திலேயே இருக்கட்டும். வெளிர்நிறக் கடதாசியிற் பொன் மை வேண்டாம். இராவிளக்கில் அது தெரியாது. திருத்தப்படி வந்ததும் வீட்டிலுள்ள 5ஆம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். தடுக்காமல் வாசித்து முடித்தால், அடிக்கச் சொல்லலாம்.