வீட்டில் இரும்புக் கணப்படுப்பு: வாங்கும் முன்பும் பொருத்தும்போதும் கவனிக்க வேண்டியவை

உதகமண்டலம், குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் போன்ற மலை நகரங்களில் மார்கழி, தை மாத இரவுகளில் கடும் குளிர் நிலவுகிறது. உதகையின் தாழ்வான பகுதிகளில் உறைபனியும் படிகிறது. இங்குள்ள பழைய பங்களாக்களில் சுவரோடு சேர்த்துக் கட்டப்பட்ட திறந்த கணப்புகள் உண்டு. புதிதாக வீடு கட்டுவோரில் சிலர் அவற்றுக்கு மாற்றாக, ஐரோப்பிய நாடுகளில் வழக்கிலுள்ள மூடிய இரும்புக் கணப்படுப்பை நாடுகின்றனர். வார்ப்பிரும்பு அல்லது தடித்த எஃகுத் தகட்டாலான பெட்டி, வெப்பம் தாங்கும் கண்ணாடிக் கதவு, காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் திறப்பு, புகையைக் கூரைக்கு மேல் கொண்டுசெல்லும் குழாய் ஆகியவை இதன் உறுப்புகள்.

திறந்த கணப்பைவிட இது மேம்பட்டது என்பதில் ஐயமில்லை. 2022 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, மூடிய விறகுக் கணப்படுப்பின் பருவகால வெப்பத்திறன் குறைந்தது 65 விழுக்காடாக இருத்தல் வேண்டும். திறந்த கணப்புக்கு 30 விழுக்காடு போதும். அதாவது, ஒரே அளவு வெப்பத்திற்கு ஏறத்தாழப் பாதி விறகே செலவாகும். எனினும், ‘புகையில்லா அடுப்பு’ என்று விற்பனையாளர் கூறுவதை ஏற்க இயலாது. அதே விதிகள் இவ்வகை அடுப்பின் புகையில் ஒரு கன மீட்டருக்கு 40 மில்லிகிராம் வரை நுண்துகள்களை அனுமதிக்கின்றன. காற்றோட்டம் குறைந்த குளிர்கால இரவில் அந்தப் புகை பள்ளத்தாக்கிலேயே தேங்கி அண்டை வீட்டின் சன்னல் வழியே நுழையக்கூடும்.

வாங்குவதா, வேண்டாமா?

வீட்டில் ஆஸ்துமா அல்லது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர், இதய நோயாளி, கருவுற்ற தாய், பச்சிளங்குழந்தை ஆகியோர் இருப்பின் விறகுக் கணப்பைத் தவிர்ப்பதே நலம் என்பது இக்கட்டுரையாளரின் மருத்துவக் கருத்து. கதவைத் திறந்து விறகு இடும் ஒவ்வொரு முறையும் சிறிது புகை அறைக்குள் வருகிறது. வீட்டினுள் விறகு முதலிய உயிர்ப்பொருள்களை எரிப்பதால் எழும் புகையை, பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக் கூடியதாக இருக்க வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில், 2ஏ பிரிவில் வைத்துள்ளது. இத்தகைய வீடுகளில் கம்பளி, சன்னல் இடுக்குகளை அடைத்தல், எண்ணெய் நிரப்பிய மின்கணப்பு ஆகியவை போதும்.

வாங்குவதென முடிவு செய்தால், அளவைப் பற்றி முதலில் சிந்திக்க வேண்டும். பெரிய அடுப்பே சிறந்தது என்ற எண்ணம் பரவலாக உள்ளது, அது தவறு. 14 கன மீட்டர் அறைக்கு 1 கிலோவாட் என்பது பிரிட்டனில் கையாளப்படும் தோராயக் கணக்கு. 12 அடி நீளம், 12 அடி அகலம், 9 அடி உயரமுள்ள அறையின் கொள்ளளவு சுமார் 37 கன மீட்டர். அதற்குத் தேவை 2.6 கிலோவாட் மட்டுமே. இங்கு 8 கிலோவாட் அடுப்பை வைத்தால் அறை அனலாகும். வீட்டார் காற்றுத் திறப்பை மூடிவிடுவர். போதிய காற்றின்றி விறகு கனன்று புகையும், கண்ணாடி கறுக்கும், குழாயில் தார் படியும், நச்சு வாயு பெருகும். அடுப்பை வரவேற்பறையில் வைக்கலாம். படுக்கையறையில் எக்காரணம் கொண்டும் வைத்தல் கூடாது.

புகைபோக்கி

அடுப்பின் விலையில் பேரம் பேசலாம். புகைபோக்கியில் சிக்கனம் பார்ப்பது உயிருக்கே ஆபத்து. சூடான புகை மேலெழும் விசையே புதிய காற்றை அடுப்புக்குள் இழுக்கிறது. உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குக் காற்றழுத்தம் சமவெளியைவிட ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைவு. ஆகவே இழுவிசையும் குறையும். சமவெளியில் போதுமான குழாய் உயரம் மலையில் போதாமற் போகலாம்.

குழாய் இயன்றவரை நேராக மேலே செல்ல வேண்டும். சுவரைத் துளைத்துப் படுக்கை வாட்டத்தில் வெளியேற்றி அப்படியே விட்டுவிடுவது மிகவும் ஆபத்தானது. எதிர்க்காற்று வீசினால் புகை முழுவதும் வீட்டுக்குள் திரும்பும். கூரை முகட்டின் அருகே வெளிவரும் குழாய், முகட்டைவிடக் குறைந்தது 600 மி.மீ. உயர்ந்திருக்க வேண்டும் என்பது பிரிட்டனின் கட்டட வழிகாட்டி நெறி. மலை வீடுகளில் மரப்பலகையால் உட்கூரை அமைப்பது வழக்கம். அதைக் கடந்து செல்லும் இடத்தில் இரட்டைச் சுவர் கொண்ட, வெப்பக்காப்பு உள்ள குழாயே பயன்படுத்தப்பட வேண்டும். தயாரிப்பாளர் குறிப்பிடும் இடைவெளியும் விடப்பட வேண்டும். அடுப்பு நிற்கும் தரை கல் அல்லது கற்காரையாக, அடுப்பைவிட நாற்புறமும் அகன்றிருத்தல் அவசியம். அறைக்கு வெளிக்காற்று வர நிலையான துளை ஒன்றும் தேவை. குளிர் நுழைகிறதென்று அதனைத் துணியால் அடைக்கலாகாது. சமையலறையில் காற்று வெளியேற்றும் விசிறி ஓடினால், அது கணப்பின் புகையையும் கீழே இழுக்கக்கூடும்.

விறகு

அன்று வெட்டிய மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி நீரே. அதை எரித்தால் வெப்பத்தின் பெரும்பகுதி நீரை ஆவியாக்கவே செலவாகிறது. ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழ் வந்த விறகே ஏற்றது; இதை அளக்கச் சிறு கருவி கிடைக்கிறது. நீலகிரியில் இரு பருவமழைகளும் பெய்வதால் காயவைப்பது எளிதன்று. பிளந்து, மேற்கூரையும் திறந்த பக்கங்களும் உள்ள கொட்டகையில் ஓராண்டுக்குக் குறையாமல் அடுக்கி வைத்தல் வேண்டும். சீகை, கற்பூர மரம் இரண்டும் இவ்வாறு காய்ந்தபின் எரிக்கலாம். வண்ணம் பூசிய பலகை, ஒட்டுப்பலகை, நெகிழி ஆகியவற்றை இடுதல் கூடாது. மலைப்பகுதிகளில் மரம் வெட்ட 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அனுமதி தேவை என்பதும் நினைவில் இருக்கட்டும்.

குழாயில் படியும் கரியையும் தாரையும் ஆண்டுக்கு ஒரு முறையேனும், குளிர்காலம் தொடங்குமுன், அகற்ற வேண்டும். படிந்த தார் தீப்பற்றினால் கூரையே எரியும். அள்ளிய சாம்பலில் தணல் இரண்டு மூன்று நாட்கள்கூட உயிருடன் இருக்கும். மூடியுள்ள உலோக வாளியில், வீட்டுக்கு வெளியே வைக்கவும். அடுப்பைச் சுற்றிக் கம்பித் தடுப்பு அமைத்தால் தவழும் குழந்தைகள் நெருங்க இயலாது. எவருக்கேனும் சுட்டுவிட்டால் ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடங்கள் காட்டவும். பற்பசை, மை, மஞ்சள் எதுவும் தடவ வேண்டா.

கார்பன் மோனாக்சைடு

நிறமும் மணமும் அற்ற இந்த வாயு, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்புடன் இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு இணைகிறது. கரி அடுப்பை மூடிய அறையிலோ கூடாரத்திலோ வைத்து உறங்குவோர் மரணமடைவது இதனால்தான். புகை தெரியாததால் கரி பாதுகாப்பானது எனக் கருதுவது முற்றிலும் தவறு. புகைபோக்கி உள்ள கணப்படுப்பிலும் இந்த ஆபத்து உண்டு, குறிப்பாகப் பின்னிரவில். சுடர் அடங்கித் தணல் மட்டும் எஞ்சும்போது வாயு மிகுதியாக உண்டாகிறது. குழாய் ஆறிவிடுவதால் இழுவிசையும் தளர்கிறது. எனவே, உறங்கச் செல்லுமுன் நெருப்பை முழுமையாக எரியவிட்டு அணைய விட வேண்டும். தணலின் மேல் புதிய விறகை அடுக்கிக் காற்றுத் திறப்பை மூடிவிட்டுப் படுத்தல் கூடாது.

கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியை அடுப்பிலிருந்து 1 முதல் 3 மீட்டர் தொலைவில் பொருத்தவும். புகை உணரும் கருவி இதற்கு மாற்றாகாது.

தலைவலி, தலைசுற்றல், குமட்டல், மனக்குழப்பம் ஆகியவை அறிகுறிகள். காய்ச்சலின்றி வீட்டிலுள்ள பலருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி வந்து, வெளியே சென்றதும் குறைந்தால் ஐயுறவும். உடனே அனைவரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 108ஐ அழைக்கவும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவி இயல்பான எண்ணைக் காட்டினும் நம்பற்க. நச்சு வாயு இணைந்த ஹீமோகுளோபினையும் அது ஆக்சிஜன் என்றே கணக்கிடும். மருத்துவரிடம் ‘அறையில் அடுப்பு எரிந்தது’ என்று முதலிலேயே கூறவும். இயல்பான காற்றில் இந்த வாயுவில் பாதி இரத்தத்திலிருந்து நீங்க 4 முதல் 5 மணி நேரமாகும். உயர் அடர்வு ஆக்சிஜன் அளித்தால் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரத்தில் நீங்கும். கருவுற்ற பெண், தமக்கு அறிகுறி இலேசாக இருந்தாலும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்; சிசுவின் இரத்தத்திலிருந்து இந்த வாயு தாயினும் மெதுவாகவே வெளியேறுகிறது.