திரும்பி ஓடும் எலக்ட்ரான்

ஊதா நிறத் தயோனின் சாயத்தை இரும்பு உப்புக் கரைசலில் கலந்து வெளிச்சத்தில் வைத்தால் நிறம் வெளுக்கும். இருட்டில் வைத்தால் மீளும். ஒளி பட்ட சாயம் இரும்பு அயனியிடமிருந்து எலக்ட்ரானை வாங்கிக்கொள்கிறது. ஒளி விலகியதும் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. போகிற எலக்ட்ரானைக் கம்பிக்குள் செலுத்த முடிந்தால் அது மின்சாரம். ஆனால் மின்முனையை எட்டுமுன்பே பெரும்பகுதி திரும்பிவிடும். சென்னைப் பல்கலைக்கழக வேதியியலாளர் பரமசிவம் நடராஜன் பல ஆண்டுகள் போராடியது இந்தத் திரும்பலோடுதான்.

1940-ல் பிறந்த அவர், 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஜான் எண்டிகாட்டுடன் பணியாற்றினார். ருத்தீனியம் உலோகத்தைச் சுற்றி மூன்று பைபிரிடின் மூலக்கூறுகள் அமைந்த ஆரஞ்சு நிறச் சேர்மம் அவர்கள் ஆய்வில் முக்கிய இடம் பெற்றது. நீல ஒளியை உறிஞ்சியதும் உலோகத்தின் எலக்ட்ரான் ஒன்று பைபிரிடினுக்குத் தாவுகிறது. கிளர்ந்த அந்த நிலை நீரில் ஒரு நொடியின் கோடியில் சில பங்குகளே நீடித்தாலும், எலக்ட்ரானைப் பிறருக்குக் கொடுக்க அந்த நேரம் போதும். சூரிய ஆற்றல் ஆய்வாளர்கள் இன்றும் இச்சேர்மத்தை விட்டுவிடவில்லை.

தாயகம் திரும்பிய நடராஜன் தயோனினை எடுத்துக்கொண்டார். சாயத்தைக் கரைசலில் அலையவிடாமல் நீண்ட பாலிமர் சங்கிலியில் பிணைத்து, மின்முனைமீது மெல்லிய படலமாகப் பூசினார். எலக்ட்ரான் கடக்கவேண்டிய தொலைவு குறைந்தது. எளிய யோசனைதான், ஆனால் நல்ல வேதியியல். இந்தப் படலங்கள் ஒளியை மின்னாற்றலாக மாற்றுவது பற்றிய கட்டுரை 1981-ல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. 1984-ல் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசு கிடைத்தது.

1990-களில் பவநகரிலுள்ள மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராக இருந்தார். பின்னர் அவர் ஆய்வைத் தொடர்ந்த இடம், அடையாற்றுக்கு அருகே தரமணி வளாகத்திலுள்ள தேசிய அதிவேக நிகழ்வுகள் ஆய்வு மையம். அங்கே நொடியை லட்சம் கோடிக் கூறுகளாக்கினால் கிடைக்கும் பைக்கோநொடி அளவில், லேசர் துடிப்புகளைக் கொண்டு எலக்ட்ரானின் போக்கும் வரவும் அளக்கப்படுகின்றன. எலக்ட்ரான் திரும்பும் வேகம் தெரியாமல் அதைத் தடுக்க வழி தேடுவது வீண்.

பிற்காலத்தில் அவர் சாயங்களை ஜியோலைட் கனிமத்தின் நுண்கூடுகளுக்குள் அடைத்து ஆராய்ந்தார். ஒய் வகை ஜியோலைட்டின் பெரிய கூடு சுமார் 1.3 நானோமீட்டர் அகலம். அதன் வாயிலோ 0.74 நானோமீட்டர்தான். அந்த நெருக்கடியில் சாய மூலக்கூறுகள் கரைசலில்போல ஒன்றோடொன்று மோதிக்கொள்ள வழியில்லை. பிரிந்த மின்னூட்டம் கூடுதல் நேரம் பிரிந்தே இருக்க வாய்ப்புண்டு.