பைமண்ணில் கிளம்பும் சிறு கொசுக்கள்: நாற்றுக்களைக் காப்பது எப்படி?

"மிஸ், செடிக்குத் தண்ணி ஊத்துனா மண்ணுக்குள்ள இருந்து கொசு கெளம்புது. இது டெங்கு நுளம்பா?"

பல்லேபொலவில் வீட்டுத்தோட்டப் பைகளையும் நாற்றுக்களையும் கொடுத்த பின்னர் எம்மிடம் அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளி மாத்தளை மாவட்டத்தின் பல இடங்களில் வெள்ளத்தையும் மண்சரிவையும் ஏற்படுத்தியது. பழைய வீட்டோடு தோட்டத்தையும் இழந்து வந்தவர்களுக்கு வாசலில் நிற்கும் பத்துப் பைகளே இப்போது தோட்டம். அதில் உள்ள மிளகாய், கத்தரி, தக்காளி நாற்றுக்கள் வாடினால் மனம் பதறுவது இயல்பு. பதற்றத்தில் சிலர் நுளம்பு மருந்தை அடிக்கிறார்கள், சிலர் மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்கள். இரண்டும் வேண்டாம். மண்ணெண்ணெய் வேரைக் கருக்கிவிடும். கொசு போவதற்கு முன் செடி போய்விடும்.

இது என்ன பூச்சி?

இது நுளம்பு அல்ல. ஈரமான மண்ணில் வளரும் பூஞ்சணத்தையும் அழுகும் இலைதழைகளையும் தின்று வாழும் சிறு கொசு. 2 முதல் 4 மில்லிமீற்றர் நீளமான கறுப்பு உடல், நீண்ட கால்கள். கடிக்காது, டெங்கு பரப்பாது. மண்ணுக்கு மேலே தாழ்வாகத் தத்தித் தத்திப் பறக்கும்.

பறக்கும் கொசுவால் செடிக்குப் பெரிய கேடில்லை. கேடு செய்வது மண்ணுக்குள் இருக்கும் அதன் புழு. கண்ணாடி போன்ற வெள்ளை உடலும் பளபளக்கும் கறுப்புத் தலையும் கொண்ட இப்புழு மேல்மண்ணின் சில சென்றிமீற்றர் ஆழத்துக்குள் இருக்கும். பூஞ்சணம் போதாதபோது இளவேர்களைத் தின்னும். வளர்ந்த செடி அதைத் தாங்கிக்கொள்ளும். இரண்டு, நான்கு இலை விட்ட நாற்றுத் தாங்காது. கடிபட்ட வேர் வழியாக அழுகல் நோயும் தொற்றலாம். ஆகவே முதலில் கவனிக்க வேண்டியது நாற்றுத் தட்டுக்களையே.

புழு இருக்கிறதா என்று பார்க்க

ஒரு உருளைக்கிழங்கைச் சுமார் 1 சென்றிமீற்றர் தடிப்பில் வெட்டி, வெட்டுப்பக்கம் கீழே இருக்கும்படி மண்ணில் அழுத்தி வையுங்கள். இரண்டு, மூன்று நாட்களின் பின் தூக்கிப் பாருங்கள். புழு இருந்தால் கிழங்கின் அடியில் ஒட்டியிருக்கும். அந்தத் துண்டை அப்புறப்படுத்திப் புதிய துண்டு வைத்தால் சில புழுக்களைப் பிடித்ததாகவும் ஆகும்.

ஏன் வருகிறது?

தண்ணீர் கூடியதாலும் கூட்டெரு பழுக்காததாலும்தான். நாற்று வாடியதும் தாகம் என்று நினைத்து மேலும் ஊற்றுகிறோம். உண்மையில் வேர் கெட்டதால் வாடும் செடியும் தாகமான செடியைப் போலவே தெரியும். ஊற்ற ஊற்றப் புழு பெருகும். அதிலும் தும்புத்தூள் கலந்த மண், மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே நீரைப் பிடித்து வைத்திருக்கும்.

என்ன செய்ய வேண்டும்?

1. மண்ணைக் காயவிடுங்கள். விரலை முதல் கணு வரை மண்ணில் நுழைத்துப் பாருங்கள். ஈரம் பட்டால் அன்று தண்ணீர் வேண்டாம். பையைத் தூக்கிப் பார்த்தாலும் பாரத்தில் தெரியும். ஊற்றுவதானால் காலையில் ஊற்றுங்கள். மேல்மண் காய்ந்தால் முட்டையும் இளம் புழுவும் பிழைப்பது கடினம். மிகச் சிறிய நாற்றுக்களின் வேர் மேல்மண்ணிலேயே இருப்பதால் அவற்றை முற்றாக வரளவிடாமல், மேற்பரப்பு மட்டும் காயும்வரை பொறுத்துத் தண்ணீர் தெளியுங்கள்.

2. நீர் வடிய வழி செய்யுங்கள். பையின் அடியிலும் பக்கங்களிலும் துளைகள் இருக்க வேண்டும். பைகளைச் செங்கல் மேல் வையுங்கள். தகரக் கூரையின் நீர் சொட்டும் இடத்தில் வைக்காதீர்கள்.

3. மேலே மணல் போடுங்கள். 1 முதல் 2 சென்றிமீற்றர் காய்ந்த மணல் போதும். கொசு முட்டையிட விரும்பும் ஈர மண்ணை அது மறைத்துவிடும்.

4. மஞ்சள் பொறி வையுங்கள். மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் துண்டு ஒன்றில் விளக்கெண்ணெய் பூசி மண்ணுக்கு அருகே குத்தி வையுங்கள். மஞ்சள் நிறத்துக்கு வரும் கொசு அதில் ஒட்டும். எண்ணெய் காய்ந்தால் மறுபடி பூசுங்கள்.

5. உதிர்ந்த இலைகளையும் அழுகிய நாற்றுக்களையும் உடனே அகற்றுங்கள். தேயிலைச் சக்கை, சோற்றுக்கஞ்சி, மரக்கறித் தோல் ஆகியவற்றைப் பையில் நேரடியாகப் போட வேண்டாம். அவை கூட்டெருக் குழிக்கு உரியவை.

ஒரு பெண் கொசு நூறுக்கும் மேற்பட்ட முட்டைகள் இடக்கூடும். முட்டை கொசுவாக மாற ஏறக்குறைய 3 முதல் 4 வாரங்கள் எடுக்கும். எனவே ஒரு வாரத்தில் கொசு குறைந்தது என்று விட்டுவிடாமல் ஒரு மாதம் தொடருங்கள்.

தட்டில் நீர் தேங்க விடாதீர்கள்

பையின் கீழ் தட்டு வைத்து அடியிலிருந்து நீர் கொடுப்பது நல்ல முறைதான். ஆனால் அரை மணித்தியாலத்தில் மிஞ்சிய நீரைக் கொட்டிவிடுங்கள். மண் கொசு டெங்கு பரப்பாவிட்டாலும், தட்டில் தேங்கும் தெளிந்த நீரில் டெங்கு நுளம்பு முட்டையிடும்.

மண்ணில் காணும் வேறு பீடைகள்

- எறும்பு வரிசை: எறும்பு தனியே வருவது குறைவு. தண்டின் அடியிலும் வேரிலும் பஞ்சு போன்ற வெள்ளைப் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். அதன் இனிப்புக் கழிவுக்காகவே எறும்பு அதைக் காக்கிறது. சவர்க்கார நீரில் நனைத்த துணியால் வெள்ளைப் பூச்சியைத் துடைத்தெடுங்கள்.
- இரவோடிரவாக அடியோடு வெட்டப்பட்ட நாற்று: வெட்டுப்புழுவின் வேலை. அருகில் மண்ணைக் கிளறினால் சுருண்டு கிடக்கும். எடுத்து அழியுங்கள். நாற்றைச் சுற்றிக் கடதாசி வளையம் வைத்தால் தடுக்கலாம்.
- வேரில் முடிச்சுக்கள்: கண்ணுக்குத் தெரியாத வட்டப்புழுவால் வருவது. செடியை வேரோடு பிடுங்கி எரியுங்கள். அந்த மண்ணில் மிளகாய், கத்தரி, தக்காளி மீண்டும் நட வேண்டாம்.
- பெரிய ஆபிரிக்க நத்தை: வெறுங்கையால் தொடாதீர்கள், பிள்ளைகளை விளையாட விடாதீர்கள். மனிதருக்கு நோய் தரும் ஒட்டுண்ணி அதில் இருக்கலாம். கையுறை அல்லது பொலித்தீன் பையால் எடுத்து உப்புநீர் வாளியில் போடுங்கள். செடியின் மண்ணில் உப்பைத் தூவ வேண்டாம்.

அடுத்த பைக்கு மண் கலக்கும்போது

மேல்மண், மணல், பழுத்த கூட்டெரு மூன்றும் சம அளவு. பழுத்த கூட்டெரு கறுத்து, உதிரியாக, மழை பட்ட மண்போல மணக்கும். உள்ளே சூடாகவோ நாற்றமாகவோ இருந்தால் இன்னும் சில வாரங்கள் பொறுங்கள். கலவையைத் தாளில் மெல்லப் பரப்பி, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயவைத்து நிரப்புங்கள்.

மண்ணுக்காக வீட்டின் பின்புறச் சரிவையோ மண்மேட்டையோ ஒருபோதும் வெட்டாதீர்கள். அது அடுத்த மழையில் வீட்டுக்கே ஆபத்தாகலாம்.

இவ்வளவும் செய்தும் போகாவிட்டால்

பீடைநாசினியை நீங்களாக வாங்கி அடிக்க வேண்டாம். சிறிய வீட்டில், சமையலுக்கும் பிள்ளைகளுக்கும் அருகில் அடிக்கும் மருந்து கொசுவை விடப் பெரிய ஆபத்து. வாடிய நாற்று ஒன்றை மண்ணோடு எடுத்துக்கொண்டு கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைச் சந்தியுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் ஆலோசனை பெறலாம்.

நாற்று சில செத்துப்போனால் அது உங்கள் கவனக்குறைவு என்று நினைக்க வேண்டாம். நிலத்தில் பயிர் செய்து பழகிய கைக்குப் பை புதிது. நிலம் மிஞ்சிய நீரை உறிஞ்சிக்கொள்ளும். பைக்கு அந்த வசதி இல்லை. அதற்கு ஏற்றபடி தண்ணீரைக் குறைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.