ஜானகி: துணைவியாகும் முன்பே தலைவி

கோலாலம்பூரில், தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் வட்டாரத்தில் 'ஜாலான் ஆதி நாகப்பன்' என்றொரு சாலை உண்டு. வழக்கறிஞராகவும் ம.இ.கா. துணைத் தலைவராகவும் விளங்கிய அவருடைய துணைவியார் என்றுதான் புவான்ஸ்ரீ ஜானகி ஆதி நாகப்பனை நம்மில் பலர் அறிவோம். இந்த அறிமுகம் போதாது என்பது என் கருத்து.

1925-இல் மலாயாவில் பிறந்த ஜானகி, 1943-இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் உரையைக் கேட்டதும் தம் காதணிகளைக் கழற்றிக் கொடுத்தார். வசதியான வீட்டுப் பெண். ஆயினும் 18 வயதில் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து, முகாமின் அளவுச் சாப்பாட்டுக்கும் கடும் பயிற்சிக்கும் பழகி, பொறுப்புமிக்க அதிகாரியாக உயர்ந்தார். 1945 ஏப்ரலில் ரங்கூனிலிருந்து படை பின்வாங்கியபோது, அவர் பொறுப்பிலிருந்த பெண்கள் நேதாஜியுடன் குண்டுவீச்சுக்கிடையே இரவிரவாக நடந்தனர்.

தோல்வியோடு அவர் வீட்டுக்குள் ஒடுங்கவில்லை. இந்தியக் காங்கிரஸ் மருத்துவக் குழுவில் சேர்ந்து தொண்டாற்றினார். 1946-இல் ஜான் திவி ம.இ.கா.வைத் தோற்றுவிக்கத் துணை நின்றார். ஆதி நாகப்பன் 1976-இல் மறைந்தார். ஜானகியோ நாடாளுமன்ற மேலவை உறுப்பினராகவும் பணியாற்றினார். 2000-இல் இந்திய அரசு பத்மஸ்ரீ வழங்கியது. 2014 மே 9-இல் காலமானார்.

கணவர் பெயரால் அவருக்குப் பெருமை உண்டு, சந்தேகமில்லை. ஆனால் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தபோது அவருக்கு நம் முதலாண்டு மாணவியரின் வயதுதான். தோழியரே, அவரைப் பற்றிப் பேசும்போது அந்த 18 வயதிலிருந்து தொடங்குவோம்.