விசிறியில்லாக் கணினி

மடிக்கணினி ஒன்று பழுதுற்றவிடத்து, அதனை முழுவதும் பயனற்றதெனக் கருதிப் பரண்மேல் ஏற்றிவிடுதல் நம்மனோர் பலர்க்கும் வழக்கமாயிருக்கின்றது. திரை உடைந்தது, கீல் முறிந்தது, மின்கலம் உப்பிற்று என்பன போன்ற குறைகளே பெரும்பாலும் அதற்குக் காரணமாம். இவற்றுள் ஒன்றேனும் கணக்கிடும் உறுப்பைச் சார்ந்ததன்று. கூரை போன வீட்டிற் சுவர் உறுதியாய் நிற்றல்போல, உள்ளிருக்கும் பலகை நன்னிலையிலேயே இருத்தல் கூடும்.

எம் தமையனார் தம் கல்லூரி நாட்களிற் பயன்படுத்திய மடிக்கணினி இந்நிலையில் எமக்கு வந்து சேர்ந்தது. அன்னையார் தையற்கூலியிற் சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளால் வாங்கப்பட்டதாகலின், அதனை எடைக்குப் போட மனம் ஒருப்படவில்லை. ஆனர்ஸ் வகுப்புக் கட்டுரையைத் தட்டெழுத எம்மிடம் வேறு பொறியும் இல்லை. ஆகவே அதனை மேசைக்கணினியாக, அதிலும் விசிறியின் துணை வேண்டாததாக, மாற்றத் துணிந்தோம். விசிறியின்மேல் எமக்கு என்ன பகை எனின், மூவர் உறங்கும் விடுதியறையில் அதன் இரைச்சல் பெருந்தொல்லை. புழுதியை உறிஞ்சி உள்ளே பஞ்சுபோல் அடைத்துக்கொள்வதும் அதுவே.

இனி, வெப்பத்தின் இயல்பைச் சிறிது காண்போம். கணினியின் சில்லு உட்கொள்ளும் மின்னாற்றல் அனைத்தும் இறுதியில் வெப்பமாகவே வெளிப்படும். எம் பொறியிலுள்ளது இன்டெல் நிறுவனத்தார் 2011-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஐ5-2520எம் என்பது. அதற்கு அவர் வகுத்த வெப்ப அளவு 35 வாட்டு. அது தாங்கும் உச்சநிலை 100 டிகிரி செல்சியஸ். அவ்வெல்லையை எட்டுங்கால் சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மேலும் ஏறின் பொறி அணைந்துவிடும். 35 வாட்டு என்பது வானொலி பழுதுபார்ப்பார் கையிலுள்ள சிறு சால்டரிங் இரும்பின் அளவே. எனினும் அவ்வளவும் ஏறக்குறைய ஒன்றரைச் சதுர சென்டிமீட்டர்ப் பரப்பினின்றும் எழுவதே இடர்ப்பாடு.

விசிறி காற்றை வலிந்து செலுத்தும். அதனை நீக்கின், சூடேறிய காற்று இலேசாகி மேலெழ, அவ்விடத்தைக் கீழிருந்து குளிர்ந்த காற்று வந்து நிரப்பும் இயற்கையையே நம்பவேண்டும். நம் பழைய ஓட்டு வீடுகளில் முற்றத்தின் வழியே வெக்கை மேலேறிப் போவது இம்முறையானே. ஆயின் இவ்வோட்டம் மிக மெல்லியது. ஒரு சதுர மீட்டர்ப் பரப்பு, சுற்றுக்காற்றினும் ஒரு டிகிரி மிகுந்திருப்பின், சுமார் 5 வாட்டு வெப்பத்தையே அதனிடம் ஒப்புவிக்கும் எனக் கொள்ளலாம். கோடையில் அறை 36 டிகிரி என்றும், உலோகம் 71 டிகிரி வரை செல்லலாம் என்றும் வைத்துக்கொண்டால் இடைவெளி 35 ஆகும். எனவே 35 வாட்டைப் போக்க 0.2 சதுர மீட்டர், அஃதாவது 2000 சதுர சென்டிமீட்டர் வேண்டும். ஏ4 தாள் மூன்றினும் சற்று மிகுதி. (இக்கணக்கைத் திருத்தித் தந்தவர் பௌதிக வகுப்பு நண்பர் ஒருவர். யாம் முதலிற் கண்ட விடை தீப்பெட்டியளவு தகடே போதும் என்பதாயிருந்தது!)

பழைய இரும்புக் கடையில் உடைந்த ஆம்பிளிஃபயர் ஒன்றின் முதுகில் எமக்கு வேண்டிய ஹீட் சிங்க் கிடைத்தது. 25 சென்டிமீட்டர் அகலமும் 15 உயரமுமுள்ள அலுமினியத் தகட்டில், 4 சென்டிமீட்டர் நீண்ட இறகுகள் பன்னிரண்டு. இறகுகள் நெருங்குந்தோறும் பரப்பு மிகுமன்றோ எனின், விசிறியுள்ள பொறிக்கே அது பொருந்தும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளியில் காற்று தானே நுழைந்தேற மாட்டாது தயங்கி நிற்கும். எம்முடையதில் இடைவெளி இரண்டு சென்டிமீட்டர். இறகுகள் செங்குத்தாய் நிற்றல் இன்றியமையாதது. படுக்கவைப்பின் பாதிப்பயனும் கிட்டாது போகலாம்.

வேலையில் முதற்கண் செய்தது மின்கலத்தை நீக்குதல். உப்பிய லித்தியம் கலத்தைக் குத்துதலும் வளைத்தலும் தீயை விளைக்கும். ஆதலின் அதனை மின்கழிவு வாங்குவாரிடம் ஒப்புவித்தோம். பின்னர்ச் சில்லையும் தகட்டையும் இணைக்கும் பணி. மேசைக்கணினிச் சில்லுகளுக்கு மேலே உலோகக் கவசம் உண்டு, இதற்கோ இல்லை. கண்ணாடிபோல் மின்னும் சிலிக்கன் வெறுமையாகவே கிடக்கும். ஓரத்தில் ஒருபுறமாக அழுத்தம் விழுந்தால் மூலை பெயர்ந்து, பொறி அன்றே முடிந்தது. சுற்றியுள்ள சிற்றுறுப்புகள் சில்லினும் உயர்ந்து நின்றமையால், இடையே ஒரு செம்புக்கட்டை வைக்க வேண்டியிருந்தது. அதன் முகத்தைக் கண்ணாடிமேல் விரித்த உப்புத்தாளில் தேய்த்துச் சமன்செய்ய இரண்டு மாலைகள் சென்றன. எத்துணைத் தேய்ப்பினும் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் எஞ்சும்; அவற்றுள் அடைபடும் காற்று வெப்பத்தைக் கடத்தாது. அப்பள்ளங்களை நிரப்பவே வெப்பப் பசை. அதனைத் தோசைக்கு நெய் தடவுமாப்போலே மெல்லிதாய்த் தடவுதல் வேண்டும். திருகாணி நான்கினையும் எதிரெதிர் மூலையாகக் கால் திருப்பமாய் முடுக்கினோம். அப்பொழுது அறையிலிருந்த மூவரும் மூச்சுவிட்டதாக நினைவில்லை.

மின்சாரம் கொடுத்ததும் பொறி உயிர்த்தது. உடனே விசிறி காணப்படவில்லை என்று முறையிட்டு நின்றது. சிலவகை மடிக்கணினிகள் விசிறி சுழலும் குறியைப் பெற்றாலன்றி மேற்செல்லா. வேறு வழியின்றிப் பழைய விசிறியைப் பெட்டியின் ஒரு மூலையில் இணைத்தே வைத்தோம். தொடக்கத்திற் சில நொடி சுழன்று, பின்னர் லினக்ஸில் யாம் இட்ட கட்டளையால் அடங்கிவிடும். எனவே எம் தலைப்பு முழு உண்மையன்று என்று நண்பர் கூறுவது சரியே.

மற்றொரு தொல்லை வியப்பானது. ஒலிபெருக்கியைப் பெட்டியருகே வைத்தபோதெல்லாம் கணினி உறங்கிற்று. மூடி மூடப்பட்டதை மடிக்கணினி அறிவது மூடியிலுள்ள சிறு காந்தத்தால். ஒலிபெருக்கியின் காந்தத்தை அது மூடியென்றே மயங்கிற்று. காரணம் விளங்க ஒரு வாரம் ஆயிற்று. ஒலிபெருக்கியை ஒரு முழம் தள்ளிவைத்ததும் தீர்ந்தது.

பெட்டியைப் பலாப்பலகையால் தச்சர் ஒருவர் செய்து தந்தார். ஹீட் சிங்கே அதன் பின்சுவர். அடியிலும் மேலும் துளைகள். வைஃபைக் கம்பிகள் உடைந்த திரையைச் சூழ்ந்திருந்தவை. அவற்றை உரித்தெடுத்து உள்ளே ஒட்டினோம். இரும்புப் பெட்டியாயின் அலைகளை அது தடுத்திருக்கும்.

தட்டெழுதுங்கால் சில்லு 55 டிகிரி அளவில் நின்றது. கடும் பணியில் அரைமணி விட்டபோது 93-க்கு ஏறிற்று. சில்லின் வெப்பம், அதன் துடிப்பு வேகத்தோடும் மின்னழுத்தத்தின் இருமடிப் பெருக்கத்தோடும் கூடுவது. வேகம் குறையின் மின்னழுத்தமும் குறையும். ஆதலின் டர்போ எனும் மிகுவேகத்தை நிறுத்தி, 3.2 கிகாஹெர்ட்ஸ் உச்சத்தை 2.5 ஆக்கினோம், அதே பணியில் 81-ஐத் தாண்டவில்லை. கட்டுரை எழுதுவார்க்கு இவ்விழப்பு புலப்படுவதேயன்று.

விடுமுறைக்கு ஊர் கொண்டு சென்றபோது, அன்னையார் சிறிது நேரம் பார்த்திருந்து, "ஏன் தம்பி, இது ஓடுகிறதா, நின்றுவிட்டதா?" என்று வினவினார். பின்சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னோம். அது மே மாதத்து நண்பகல். அறை 38 டிகிரி. சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். அந்நாட்களிற் கடும் பணிகளை மாலைக்கு ஒதுக்கிவைத்தோம்.