கியூ தோட்டமும் நம் பால்மரமும்

ஐரோப்பாவுக்கு விடுமுறைப் பயணம் போகிறவர்கள் எதையெல்லாம் பார்க்கிறார்கள்? பாரிசில் ஐபல் கோபுரம், இத்தாலியில் பைசா நகரத்துச் சாய்ந்த கோபுரம், இலண்டனில் அரண்மனைக் காவலர் மாறும் காட்சி. எல்லாம் பார்க்கத் தக்கவையே. ஆனால், பால்வெட்டிப் பிழைத்த குடும்பத்துப் பிள்ளை ஒருவர் படித்து முன்னேறித் தம் பெற்றோரை இலண்டனுக்கு அழைத்துச் செல்வாரேயானால், முதலில் கூட்டிப்போக வேண்டிய இடம் வேறு என்பது நம் கருத்து. அதுதான் கியூ தாவரத் தோட்டம்.

இலண்டனின் மேற்கே, தேம்ஸ் ஆற்றங்கரையில், ஏறத்தாழ 330 ஏக்கர் பரப்பில் அது அமைந்திருக்கிறது. சுரங்க ரயில் பாதையிலேயே போய்ச் சேரலாம். நிலையத்தின் பெயரும் கியூ தோட்டம்தான். நுழைவுக் கட்டணம் உண்டு. 2003ல் யுனெஸ்கோ இதை உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. 1762ல் கட்டிய பத்து அடுக்குச் சீனக் கோபுரத்தின் முன் நின்று பலரும் படம் பிடித்துக்கொள்வார்கள். நாம் நின்று பார்க்க வேண்டியது பனைமர மாளிகை எனப்படும் கண்ணாடி வீட்டை.

1844க்கும் 1848க்கும் இடையில் இரும்பாலும் கண்ணாடியாலும் எழுப்பிய மாளிகை அது. வெளியே பனி கொட்டினாலும் உள்ளே நம் ஊர்ப் புழுக்கம். குளிர்நாட்டில் இத்தனை செலவு செய்து வெப்பநாட்டு மரங்களை வளர்ப்பானேன்? அழகுக்காக மட்டுமன்று. தங்கள் ஆட்சியில் எந்த நாட்டில் எந்தப் பயிர் பணம் தரும் என்று ஆங்கிலேயர் ஆராய்ந்து பார்த்த இடமாகவும் கியூ இருந்தது.

1876 ஜூன் மாதம், ஹென்றி விக்கம் என்பவர் பிரேசில் நாட்டு அமேசான் காட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் கொட்டைகளை இங்கே கொண்டுவந்து சேர்த்தார். ரப்பர் கொட்டையை நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தரையில் தேய்த்துச் சூடாக்கிப் பக்கத்துப் பையன் கையில் வைத்துவிட்டு ஓடாத தோட்டத்துப் பிள்ளை உண்டா? அதில் எண்ணெய்ச் சத்து மிகுதி. ஆகவே சீக்கிரம் கெட்டுவிடும். கடல் கடந்து வந்தவற்றுள் முளைத்தவை 2,700 அளவே. நூற்றுக்கு நான்குகூட இல்லை.

அந்தக் கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்குப் போயிற்று. 1877ல் 22 கன்றுகள் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்தை அடைந்தன. அவற்றுள் 9 பேராக் மாநிலத்துக் கோலகங்சாருக்கு வந்தன. பின்னர், 1888ல் சிங்கப்பூர்த் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரம் சாகாதபடி பட்டையை மெல்லச் சீவிப் பாலெடுக்கும் முறையைக் கண்டு சொன்னார். ரப்பர் நடுங்கள் என்று அவர் ஓயாமல் சொன்னதால், துரைமார்கள் அவரைப் பைத்தியக்காரர் என்றே அழைத்தார்களாம்!

விக்கம் செய்தது திருட்டு என்று பிரேசிலில் சொல்வதுண்டு. விதையை வெளியே கொண்டுபோவதைத் தடுக்கும் சட்டம் அன்று அங்கே இல்லை என்பது மறுதரப்பு வாதம். எப்படியாயினும், 1920ல் அவருக்குச் சர் பட்டம் கிடைத்தது. காட்டில் கொட்டை பொறுக்கிக் கொடுத்த அமேசான் மக்களின் பெயர்களை எவரும் எழுதிவைக்கவில்லை. விடியுமுன் பெரட்டுக்கு எழுந்து, இந்நாட்டில் காடழித்துக் கன்று நட்டு, பால்வெட்டியவர்களின் பெயர்களும் அப்படித்தான்.

கியூவுக்குப் போக இயலாதவர்கள் வருந்த வேண்டாம். 1877ல் நட்ட கன்றுகளுள் ஒன்று எனச் சொல்லப்படும் மரம் கோலகங்சாரில், கண்ணாடிக் கூரை இல்லாமல், வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. அதைப் பார்க்கக் கட்டணமும் இல்லை.